சாராள் எங்கே?

கேள்வி: மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது. முடிந்ததும் 15 பேருக்குச் சாப்பாடு. பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து நான் ஒருத்தியே சமைக்கிறேன். "விருந்தோம்பல் தேவகிருபையின் அடையாளம், முறுமுறுக்காதே" என்று கணவர் பேதுருவின் வசனத்தை எடுத்துச் சொல்கிறார். எனக்கோ பாத்திரம் கழுவும்போதெல்லாம் முறுமுறுப்புதான் வருகிறது. என்னிடம் கிருபை குறைந்துவிட்டதா?

- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, கடிதத்தைப் படித்ததும் உங்கள் அடுக்களையில் ஆள்தான் குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. விருந்து வேலையில் கவலைப்பட்டு இயேசுவிடம் முறையிட்ட மார்த்தாளைச் சொல்லி உங்களைத் திருத்த ஏற்கெனவே பலர் முயன்றிருப்பார்கள். ஆகவே நான் ஆபிரகாம் கூடாரம் போட்டிருந்த மம்ரேக்குப் போகிறேன்.

வேதாகமத்தில் ஆதியாகமம் 18-ம் அதிகாரம். உச்சிவெயில் நேரம், கூடார வாசலில் ஆபிரகாம். முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். அவருக்கு வயது 99. எழுந்து ஓடுகிறார். "கொஞ்சம் அப்பம் கொண்டுவருகிறேன்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய் மனைவி சாராளிடம் மூன்றுபடி மாவைப் பிசையச் சொல்கிறார். அந்த அளவை இன்றைய கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 20 லிட்டர் வரும். விருந்தாளிகளோ மூன்றே பேர்! வாசலில் நின்று "கொஞ்சம்" என்று சொல்கிறவர்களுக்கு உள்ளே பிசைகிற கையின் வலி தெரியாது என்பது அன்றைக்கே இருந்த வழக்கம் போலும்.

ஆனாலும் ஆபிரகாம் உட்கார்ந்துவிடவில்லை. மாட்டுமந்தைக்கு அவரே ஓடி இளங்கன்றைத் தேர்ந்தெடுக்கிறார். வெண்ணெயும் பாலும் சமைத்த இறைச்சியும் அவர் கையாலேயே விருந்தாளிகள் முன் வைக்கப்படுகின்றன. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மரத்தடியில் நிற்கிறார்.

சாப்பாட்டுக்குப் பின் விருந்தாளிகள் கேட்ட முதல் கேள்வி எது தெரியுமா? "உன் மனைவி சாராள் எங்கே?" என்பதுதான். பந்தியில் இல்லாத, கூடாரத்துக்குள் இருந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்று அவர்கள் சொன்ன வாக்கு அவளைப் பற்றியது. அதைக் கேட்டு அவள் நம்பாமல் உள்ளுக்குள் சிரித்தாள். சிரிக்கவில்லை என்று மறுக்கவும் செய்தாள். அதற்காக வாக்கு திரும்பப் பெறப்படவில்லை. உங்கள் முறுமுறுப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லாததற்கு அவள் சிரிப்பும் ஒரு காரணம்.

பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவிட்ட சாறிபாத் ஊர் விதவையையும் பாருங்கள். பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், கையில் பொறுக்கிய இரண்டு விறகு. எலியா முதலில் தனக்கு ஒரு அடை கேட்டார், உண்மைதான். ஆனால் பிறகு சாப்பிட்டவர்களைச் சொல்லும்போது வேதம் "அவளும்" என்றுதான் தொடங்குகிறது. அதன்பிறகே எலியாவும் வீட்டாரும். அநேகநாள் சாப்பிட்டார்கள். கொடுத்தவளுக்கும் அங்கே சோறு இருந்தது. பந்தி முடிந்து அடிச்சட்டியைச் சுரண்டிக்கொண்டு நின்றபடியே நீங்கள் சாப்பிடுவது அந்தக் கதையில் இல்லை.

இனி உங்கள் கணவர் காட்டும் வசனம், 1 பேதுரு 4:9. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. "முறுமுறுப்பில்லாமல்" என்ற சொல்லை உங்கள் கணவர் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே "ஒருவரையொருவர்" என்று இருப்பதைத் தாண்டிப்போய்விட்டார். ஒரே வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அது ஒருவரையொருவர் ஆகாது. அடுத்த வசனத்தில் "உக்கிராணக்காரர்" என்கிறார் பேதுரு. கல்யாண வீட்டு உக்கிராணத்தில், அதாவது சாமான் அறையில், இருப்பவர் தம் சொத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் வைத்ததை அளந்து கொடுக்கிறார். கிருபை உங்கள் முகமலர்ச்சியில் உற்பத்தியாகிற பொருள் அல்ல. இருப்பு தேவனுடையது. இல்லாதபோது இல்லை என்று சொல்வதும் உக்கிராணக்காரர் வேலைதான்.

கூட்டத்தை வீடு மாற்றி நடத்தச் சொல்லுங்கள். உங்கள் முறை வரும் வெள்ளிக்கிழமை சுக்குக் காப்பியும் சுண்டலும் போதும். சாப்பாடுதான் வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தால், ஆபிரகாம் அந்த ஒரு மதியத்தில் இரண்டு தடவை ஓடினார் என்று சொல்லித் தேங்காய் துருவுகிற வேலையை அவரிடம் கொடுங்கள்.