ஏ.சி.யில் கேஸ் போச்சு, கேஸ் போடலாமா?

கேள்வி: கோவை வடவள்ளியில் வாடகைக்கு இருந்தோம். ஆடி பிறப்பதற்குள் ஈரோடு திண்டலுக்குக் குடிவந்துவிட வேண்டும் என்று ஜூலை 6-ஆம் தேதி ஒரு பேக்கர்ஸ் நிறுவனத்தில் புக் செய்து, 13-ஆம் தேதி சாமான் ஏற்றினோம். மொத்தம் 24,500 ரூபாய். அதில் ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின் கழற்றி மாட்ட 3,500 என்று வாட்ஸப்பில் தனியாக எழுதியே அனுப்பினார்கள். இங்கே வந்து மாட்டியபின் ஏ.சி.யில் காற்று வருகிறது, குளிர் இல்லை. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், துணி போட்டால் குதித்துக்கொண்டே பாத்ரூம் வாசல் வரை வந்துவிடுகிறது. கேட்டால், "எலக்ட்ரிக் சாமானுக்கு நாங்க பொறுப்பில்லைங்க, பில்லுக்குப் பின்னாடியே போட்டிருக்குதுங்க" என்கிறார்கள். பழைய வீட்டுக்காரர் வேறு, ஏ.சி. பைப்புக்குச் சுவரில் ஓட்டை போட்டதற்கு அட்வான்ஸில் 15,000 பிடித்துக்கொண்டார். கேஸ் போட முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியும்மா. ஆனால் உங்கள் ஏ.சி. வழக்கு வலுவானது, வாஷிங் மெஷின் வழக்கு பாதி வலு, வீட்டுக்காரர் விஷயத்தில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

முதலில் அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். 'உரிமையாளர் பொறுப்பில்', அதாவது சேதமானால் சாமானுக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்பு என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது, சரி. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா? கூரியரில் அனுப்பிய பார்சல் தொடர்பாக ஒரு பின்னலாடை நிறுவனம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்ட சீட்டில் பொறுப்புக்கு வரம்பு இருந்தால் அது அனுப்பியவரைக் கட்டும் என்று சொல்லிவிட்டது. கையெழுத்து இல்லாமல், சாமான் இறக்கியபின் கையில் திணித்த பில் என்றால் கதை வேறு.

கையெழுத்தே இருந்தாலும் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வாசகம் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதைப் பற்றியது. நீங்கள் 3,500 கொடுத்தது கழற்றி மாட்டும் வேலைக்கு. அது தனிச் சேவை, தனிக் கூலி. வேலை தெரிந்தவர் செய்வதுபோல் செய்யாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. வழியில் குண்டும் குழியுமாக இருந்தது என்ற சமாதானம் இதற்குப் பொருந்தாது. அந்த வாட்ஸப் மெசேஜ்தான் உங்கள் துருப்புச் சீட்டு. போனை மாற்றினாலும் அதை அழித்துவிடாதீர்கள்.

ஏ.சி. விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் வழக்கே இதில்தான் நிற்கிறது. ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக், முதலில் அதை ஓடவிடுவார். அவுட்டோர் யூனிட் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீ போட்டு மூடுவார். கம்ப்ரஸர் கேஸை எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே சுவிட்சை அணைப்பார். 'பம்ப் டவுன்' என்பது இதுதான். இதைச் செய்யாமல் நேராக ஸ்பேனரைப் போட்டால் புஸ்ஸென்று சத்தம் வரும். அது உங்கள் பணம் காற்றில் போகிற சத்தம். வடவள்ளியில் அன்றைக்கு யார் பக்கத்தில் இருந்தது, ஏ.சி. ஓடியதா, சத்தம் கேட்டதா என்று இப்போதே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வாஷிங் மெஷினில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்குப் பின்னால் விரல் நீளத்தில் டிரான்ஸிட் போல்ட் என்று மூன்று நான்கு வரும். வாங்கிய அன்று கம்பெனி ஆள் கழற்றிக் கையில் கொடுப்பார், நாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு அட்டாலியில் வைத்து மறந்துவிடுவோம். (என் வீட்டில் அவை எங்கே என்று எனக்கும் தெரியாது.) மெஷினை நகர்த்தும்போது அவற்றைத் திரும்ப மாட்டினால்தான் உள்ளே டிரம் ஆடாது. "போல்ட்டை அம்மா தரவே இல்லைங்க" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். கழற்றும் வேலையைக் கூலிக்கு ஏற்றவர் அதைக் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்ற மறுத்திருக்க வேண்டும் என்பது நம் பதில். முழுத்தொகை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். போல்ட்டை எடுக்காமலே ஓட்டினாலும் மெஷின் இப்படித்தான் குதிக்கும். அப்படியானால் செலவே இல்லாமல் முடியலாம், முதலில் பின்பக்கம் பாருங்கள்.

அவசரப்பட்டுத் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேஸ் நிரப்பிவிடாதீர்கள். நிரப்பிய பிறகு எதை வைத்து நிரூபிப்பது? கம்பெனியின் சர்வீஸ் ஆளை வரவழைத்து, பார்த்ததை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'கேஸ் இல்லை' என்பது போதாது. ஏன் இல்லை என்பதும் வேண்டும். கீசரைப் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை. சிறுவாணித் தண்ணீருக்குப் பழகிய கீசர் போர்த் தண்ணீரில் உப்புப் பிடித்து நின்றால், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது நோட்டீஸ். சரக்கு ஏற்றும் நிறுவனம் என்றால் 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் குறுக்கே வரும். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். சாமான் இறக்கிய 13-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் தப்பு. 6-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் ஜனவரி 2-உடன் முடிகிறது. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையுடன் இந்த வாரமே அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர்கள் ஆபீஸ் கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற ஈரோட்டிலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் அதை நம்பி 180 நாளைக் கோட்டை விடாதீர்கள்.

வீட்டுக்காரர் விஷயம். உங்கள் ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வீட்டை இருந்தபடி விட்டுப் போக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டம். ஆக ஓட்டையை அடைத்துப் பெயின்ட் பூசும் செலவு உங்களுடையது. ஒரு கொத்தனார் அரை நாளில் முடிக்கிற வேலைக்கு 15,000 எப்படி வந்தது என்று பில் கேளுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் அந்தச் சட்டப்படியே மனுக் கொடுக்கலாம். வெறும் பத்திரத்தாளில் எழுதிய பதினொரு மாத அக்ரிமென்ட் என்றால், பேசித் தீர்ப்பதுதான் லாபம்.

நீங்கள் கேட்காத ஒன்று: கேஸ் சிலிண்டரையும் அதே வண்டியில்தான் ஏற்றி வந்தீர்களா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் டி.வி. (டெர்மினேஷன் வவுச்சர்) என்று சொல்லும் சான்றையும் வாங்கிக்கொண்டு, புது ஊர் ஏஜென்சியில் கொடுத்துச் சேர வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டில், வீட்டுச் சேதத்துக்கான பணம் பதிவான முகவரியில் நடந்த விபத்துக்குத்தான். உங்கள் புத்தகத்தில் இன்னும் வடவள்ளி முகவரி இருந்தால், திண்டல் சமையலறைக்கு அந்தக் காப்பு இல்லை. நோட்டீஸ் அனுப்பப் போகும் நாளிலேயே ஏஜென்சிக்கும் போய்விட்டு வாருங்கள்.