பிரம்மதண்டு விதையைக் கடுகோடு சேர்த்து ஆட்டலாமா?

வணக்கம். கொல்லையில் மஞ்சள் பூப் பூத்த முட்செடியின் விதை கடுகைப் போலவே இருப்பதால், அதையும் கடுகோடு கலந்து செக்கில் ஆட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சாம்பல் பூத்த முள் இலையும், காம்பைக் கிள்ளியதும் வடியும் மஞ்சள் பாலும் நீங்கள் சொன்னபடியே இருந்தால் அது பிரம்மதண்டுதான். மெக்சிகோ பகுதியிலிருந்து வந்து நம் தரிசுகளில் பரவிய இச்செடி, கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. (கசகசாவை உண்கிறோமே என்று இதையும் நம்பிவிடக் கூடாது.)

இதன் விதையெண்ணெயில் உள்ள சாங்குவினரின் என்னும் நச்சு, உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசியச் செய்வதால் கால்கள் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளரும், கண்ணழுத்தமும் கூடலாம். 1998இல் தில்லியில் இந்த எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால், ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கியால் பாருங்கள்: கடுகு உருண்டு ஏறக்குறைய வழவழப்பாகத் தெரியும், பிரம்மதண்டு விதையோ கருத்து, வலைப்பின்னல் போன்ற குழிகளோடு சொரசொரப்பாக இருக்கும். ஆனாலும் பொறுக்கிப் பிரித்த கடுகை நான் சமையலுக்குச் சேர்க்க மாட்டேன். செடியைக் காய் வெடிக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கிவிடுங்கள்.