ஜூலையில் ஓமன்: சர்க்கரை, பிரஷர் உள்ளவர் போகலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 69. மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். பேரனின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையில் இரண்டு வாரம் வந்து இருக்கச் சொல்கிறான். நிஸ்வா கோட்டை, வாடி ஷாப் பள்ளத்தாக்கு, ஜபல் அக்தர் மலை, தெற்கே சலாலா என்று பட்டியலே போட்டுவிட்டான். கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இரவில் கிளார்ஜின் இன்சுலின், கூடவே மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை. பாதம் கொஞ்சம் மரத்திருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தால் சில நாள் தலை சுற்றும். எனக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. 'அங்கே வறண்ட வெயில்தான், கசகசப்பு இருக்காது, தாங்கிவிடலாம்' என்கிறார்கள். போகலாமா? அந்த நாட்களில் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: போகலாம் அம்மா. ஆனால் மகன் போட்ட பட்டியலோடு அல்ல. நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 'வறண்ட வெயில்' பேச்சைப் பார்த்துவிடலாம்.

ஓமன் வறண்ட நாடுதான், மழை மிகக் குறைவு. ஆனால் மஸ்கட் கடலோரத்தில் இருக்கிறது. கோடையில் கடல் நன்றாகச் சூடேறி, காற்றில் ஈரம் ஏறிவிடும். பகலில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவிலும் பல நாள் 30-க்குக் கீழே இறங்காது. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே குரயாத் என்று ஒரு கடலோர ஊர். 2018 ஜூன் கடைசியில் அங்கே ஒரு நாள் முழுக்க வெப்பநிலை 42.6 டிகிரிக்குக் கீழே வரவே இல்லை. நள்ளிரவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயதானவர்களுக்கு நான் பயப்படுவது பகல் உச்சத்தைவிட இந்த இரவுகளுக்குத்தான். பகலில் சூடான உடம்பு இரவில் ஆறவேண்டும். ஆறாமல் மறுநாள் தொடங்கினால் இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் விழுவார்கள். அதனால் ஏசி இல்லாத அறையில், கூடாரத்தில், பாலைவன முகாமில் இரவு தங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் நிஸ்வாவில் வெயில் வேறு மாதிரி. அங்கே உண்மையிலேயே வறட்சி. 42, 43 டிகிரி சர்வசாதாரணம், ஆனால் சட்டை நனையாது. இதை நல்லது என்று நினைக்கிறார்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது என்பதால் ஒரு விதத்தில் நல்லதுதான். ஆனால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. மஸ்கட்டில் இதற்கு நேர்மாறு: வியர்வை வழியும், காயாது, உடம்பு ஆறாது. ஈரமான ஊரில் சூடு ஏறுவதைக் கவனிக்க வேண்டும், வறண்ட ஊரில் தண்ணீர் வற்றுவதை. இரண்டு ஊருக்கும் நடுவே காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ஒரே நாளில் உங்கள் கணவர் இரண்டையும் சந்திப்பார்.

இப்போது மாத்திரைகள். அவருக்குத் தரப்பட்டிருப்பவை நல்ல மருந்துகள். ஆனால் வெயிலில் அவை கூட்டுச் சேர்கின்றன. நீர் மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். டெல்மிசார்ட்டன் இருப்பதால், உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் சமாளிக்கும் வழிகளில் ஒன்று மட்டுப்படும். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி இங்கேதான் முக்கியமாகிறது. வெயிலில் இரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இன்னும் இறங்கும்.

'அப்போ நிறுத்திவிடலாமே' என்று தோன்றும். அவருடையது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. நிறுத்தினால் நீர் மாத்திரையோடு பிரஷர் மருந்தும் சேர்ந்து நின்றுபோகும். இரண்டு வாரத்தில் பிரஷர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே அவருடைய மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் மருந்தை மாற்றியே ஆகவேண்டும். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பரிசோதனையும் அப்போதே செய்துவிடுங்கள். டெல்மிசார்ட்டனை மட்டும் தனியாகத் தரலாமா, டாபாகிளிஃப்ளோசினை அந்த நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாமா என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும். சிலருக்கு அதை இதயத்துக்காகவும் தருகிறோம். அப்படியானால் கணக்கு வேறு. மாற்றுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாள் மாற்றாதீர்கள். வீட்டிலேயே இரண்டு வாரம் பழகிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது. பொதுவாக அப்படிப்பட்ட நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை எல்லாவற்றையுமே நிறுத்தி வைக்கச் சொல்வோம். இன்சுலினை மட்டும் அடியோடு நிறுத்தக் கூடாது, அளவு மாறலாம். டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, மீட்டரில் சர்க்கரை ஓரளவு சரியாகவே காட்டினாலும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் போன்றவை வந்தால் 'வெயில் ஒத்துக்கவில்லை' என்று படுக்க வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீர் எவ்வளவு? இத்தனை லிட்டர் என்று எல்லோருக்கும் ஓர் எண் சொல்வது எனக்குப் பிடிக்காது. இதயம் பலவீனம் என்று தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த எண்ணே ஆபத்து. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அது சரி. உங்கள் கணவர் டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால் அதை நம்பமுடியாது, ஏனென்றால் உடம்பு வற்றும்போதும் சர்க்கரை சிறுநீரை வரவழைத்துக்கொண்டே இருக்கும். மகன் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். நேற்றைவிட ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று வெளியே போகாமல் அதை ஈடுகட்டுங்கள். இந்த வயதில் தாகம் தாமதமாகத்தான் தெரியும், 'எனக்குத் தாகமே இல்லை' என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. நீர் மாத்திரை எடுப்பவருக்குச் சோடியம் இறங்கிக் குழப்பம் வரும். சாப்பாடு ஒழுங்காக இருந்தால் அதில் உள்ள உப்பே பெரும்பாலும் போதும். அங்கே கடைகளில் லபன் என்று கிடைப்பது மோர்தான், அளவாகக் குடிக்கலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நிறைய வியர்த்த நாளுக்கும் பேதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை உண்டு என்பதால் தினமும் ஜூஸ் மாதிரி குடிக்க வேண்டாம்.

இன்சுலின் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விமானத்தில் கைப்பையில்தான் இருக்கவேண்டும், சரக்கோடு போடக்கூடாது. திறக்காத பேனா ஃபிரிட்ஜில், ஃபிரீசருக்கு ஒட்டாமல். உறைந்து இளகிய இன்சுலின் வீண். பயன்பாட்டில் உள்ள கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் 28 நாள் தாங்கும். வெளியே போகும்போது தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்ப்பை ஒன்று விற்கிறார்கள். அது நீர் ஆவியாவதால் குளிர்கிறது, ஆகவே நிஸ்வாவில் நன்றாக வேலை செய்யும், மஸ்கட்டின் ஈரக்காற்றில் அவ்வளவாகச் செய்யாது. இரவு ஊசிதானே? பகல் பயணத்தில் பேனாவை மகன் வீட்டில் 30 டிகிரிக்குள் இருக்கும் ஏசி அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், அதுதான் சுலபம். எது எப்படியோ, நிறுத்திய காரில் மருந்தையும் மீட்டரையும் விடக்கூடாது. பேரனையும்தான், 'ஒரு நிமிஷம்' என்றாலும்.

வெயிலில் தோலுக்கு இரத்தம் அதிகம் ஓடுவதால் ஊசி போட்ட இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படலாம். முதல் மூன்று நான்கு நாள் சர்க்கரையைக் கூடுதலாகப் பாருங்கள். பேரீச்சைக்கு அங்கே ஜூலை நல்ல சீசன். எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டில் பேரீச்சையும் கஹ்வா என்ற அரபுக் காபியும் வரும், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். ஒன்றிரண்டு சாப்பிட்டுவிட்டு அந்த வேளைச் சோற்றைக் குறைத்தால் போதும்.

மரத்த பாதத்தை யாரும் யோசிப்பதில்லை. மஸ்கட்டின் கிராண்ட் மசூதியில் செருப்பைக் கழற்றவேண்டும். கடற்கரையில் மணல் இருக்கிறது. வெயிலில் கிடந்த கல்லிலும் மணலிலும் அவருக்குக் கால் கொப்பளித்தாலும் தெரியாது, மாலையில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்ப்பார். மசூதிக்கு எப்படியும் சுற்றுலாக்காரர்களைக் காலையில்தான் விடுகிறார்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு சீக்கிரமே போய்வாருங்கள். தினமும் இரவு நீங்களே அவருடைய இரண்டு பாதத்தையும் பார்த்துவிடுங்கள்.

இனி பட்டியல். இடத்தை விடுங்கள், மணியை வைத்துத் திட்டம் போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெளியிடத்தில் வேலை வாங்கக்கூடாது என்று ஓமனில் சட்டமே இருக்கிறது. அது வெயிலுக்குப் பழகிய இளம் தொழிலாளர்களுக்கு. உங்களுக்கு நான் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்று நீட்டுவேன். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதாவது உங்கள் பயணம் முடியும்போதுதான் பழகியிருக்கும். முதல் மூன்று நாள் வீடு, மாலையில் மஸ்கட்டிலேயே உள்ள முத்ரா கடற்கரைச் சாலை, சந்தை, அவ்வளவுதான்.

வாடி ஷாப் அவருக்கு வேண்டவே வேண்டாம். கற்களின் மேல் நிழல் குறைந்த வழியில் முக்கால் மணி நேரம் நடக்கவேண்டும், நடுவில் விழுந்தால் கார் வராது. மகனும் பேரனும் விடியலில் போய்வரட்டும். நிஸ்வா கோட்டை காலை முதல் வேலையாக இருந்தால் சரி. ஜபல் அக்தரை நான் ஆதரிக்கிறேன்: சைக் பீடபூமி சுமார் 2000 மீட்டர் உயரம், கீழே 43 என்றால் மேலே 30-ஐ ஒட்டி இருக்கும், அந்த உயரத்தால் அவருக்குத் தொந்தரவு வராது. மேலே போக நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம், அடிவாரத்திலேயே போலீஸ் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரே நாளில் ஏறி இறங்காமல் இரண்டு இரவு தங்குங்கள். ராஸ் அல் ஜின்ஸ் என்ற கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பது இரவு வேலை, கோடைதான் அதற்குச் சரியான காலம். உங்கள் மகன் இதை ஏன் விட்டார் என்று தெரியவில்லை.

சலாலா முற்றிலும் வேறு உலகம். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை கரீஃப் என்ற சாரல் காலம், 25, 27 டிகிரிதான் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டு வாரத்தில் ஐந்து நாளை அங்கே வைப்பேன். மஸ்கட்டிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் பாலைவனச் சாலை, அதனால் விமானத்தில் போங்கள். அங்கே வெயிலுக்குப் பதிலாகச் சேறும் வழுக்கலும். கரீஃபில் கடல் கொந்தளிக்கும், பேரனைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

ஹீட் ஸ்ட்ரோக் எப்படித் தெரியும்? தலைவலி, தசைப்பிடிப்பு, சோர்வு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. அரை மணியில் தேறவேண்டும். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், நினைவு மங்கினால் அது அவசரம். வியர்வை இருந்தாலும் அவசரம்தான். 9999-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் துணியைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். லோ சுகரும் இதே மாதிரிதான் காட்டும் என்பதால், ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடவேண்டும்.

பயணக் காப்பீட்டில் அவருடைய சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளை அட்டையோடும் மருந்துச்சீட்டோடும் கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை வகைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே தூக்கிப் பையில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் கல் விஷயம் சின்னதுதான்: நாளைக்கு இரண்டு லிட்டருக்குமேல் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள், எலுமிச்சைச் சாறு நல்லது. கல் வலிக்கு உங்களுக்கு டைக்ளோஃபினாக் எழுதித் தந்திருந்தால் அது உங்கள் பையிலேயே இருக்கட்டும். மூட்டுவலி என்று கணவர் கேட்டால் அதைத் தரக்கூடாது. டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, டைக்ளோஃபினாக் மூன்றும் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடலாம். அவருக்கு வலி என்றால் பாராசிட்டமால் போதும்.