சிறிய பாய்மரப் படகில் மின்சாரக் கழிவறை: கேள்வி பதில்

ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் 27 அடி நீளமுள்ள ஆல்பின் வேகா வகைப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அதிலிருந்த கைப்பம்புக் கழிவறையை எடுத்துவிட்டு, 12 வோல்ட்டில் இயங்கும் மின்சாரக் கழிவறையை நானே பொருத்தினேன். அதைக் கேள்விப்பட்டு, சுவீடனில் படகு வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்டாக்ஹோம்): வணக்கம் ஐயா. எங்கள் அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மூட்டுவலியால் கைப்பம்பை இருபது முறை இழுத்துத் தள்ள அவரால் முடிவதில்லை; அதனாலேயே படகுக்கு வர மறுக்கிறார். எங்களிடம் 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. மின்சாரக் கழிவறை அதைக் காலி செய்துவிடாதா?

பதில்: காலி செய்யாது அம்மா. கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார் ஓடும்போது 20 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு தடவைக்கு இருபது விநாடிதான் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 0.11 ஆம்பியர்-மணி வரும். நாளுக்குப் பத்து முறை என்று வைத்தாலும் ஒரு ஆம்பியர்-மணியைச் சற்றே தாண்டும். உங்கள் குளிர்பெட்டி அதைப்போலப் பல மடங்கு எடுத்துக்கொள்ளும். அப்பா மீண்டும் படகில் ஏறுவதற்கு இதுதான் வழி என்றால் தயங்காமல் செய்யுங்கள். கவனிக்க வேண்டியது பேட்டரியை அல்ல, பேட்டரியிலிருந்து கழிவறைக்குப் போகும் கம்பியை.

கேள்வி (கோத்தன்பர்க்): நான் சென்ற கோடையில் பொருத்தினேன். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சரியாக அரைப்பதில்லை. இரண்டு முறை ஃபியூஸும் போய்விட்டது. கழிவறை விளக்குக்குப் போட்டிருந்த 2.5 சதுர மி.மீ. கம்பியையே பயன்படுத்தினேன். மோட்டார் பழுதா?

பதில்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் கம்பியை மாற்றுங்கள். உங்கள் கழிவறை பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் எட்டு மீட்டர். 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 1.1 வோல்ட் தொலைந்துபோகும். பேட்டரி ஏற்கெனவே 12.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் காலை நேரத்தில், மோட்டாருக்குப் போய்ச் சேருவது 11 வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும், மெதுவாகச் சுழலும் கத்தி அரைக்காமல் சிக்கிக்கொள்ளும், சிக்கிய மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும், ஃபியூஸ் போகும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். நான் அந்த அளவைத்தான் போட்டேன். வெள்ளீயம் பூசிய செப்பு இழைக் கம்பியாக வாங்கினால் ஈரத்தில் பச்சை பிடிப்பது குறையும். கழிவறைக்கென்று தனி இணைப்பு வேண்டும். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும், ஏனெனில் அது காப்பாற்ற வேண்டியது மோட்டாரை மட்டுமல்ல, வழியெங்கும் ஓடும் கம்பியையும்தான். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதற்கு உங்கள் மாதிரியின் கையேட்டைப் பின்பற்றுங்கள். இந்த வகைக்குப் பெரும்பாலும் 25 ஆம்பியர் சொல்வார்கள். ஃபியூஸ் போகிறதே என்று பெரியதைப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய கம்பியும் பெரிய ஃபியூஸும் சேர்ந்தால் படகு தீப்பிடிக்கும்.

கேள்வி (மால்மோ): பழைய கோப்பையை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் மாற்றலாமா, முழுதாகப் புதிது வாங்க வேண்டுமா?

பதில்: கோப்பை நன்றாக இருந்தால் பம்பை மட்டும் மாற்றலாம். ஜாப்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் தங்கள் கைப்பம்புக் கழிவறைகளை மின்சாரத்துக்கு மாற்றவே மாற்றுத் தொகுப்பு விற்கின்றன. வாங்குவதற்கு முன் மோட்டாரின் அளவை அட்டையில் வெட்டி, அது உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய படகில் பக்கச்சுவர் உள்ளே வளைந்து வருவதால், தரையில் இடம் இருந்தும் மேலே இடிக்கும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை அறிந்து வாங்குங்கள். மாற்றுத் தொகுப்புகளில் பொதுவாக ஒரே மோட்டார்தான் கடல்நீரை உள்ளே இழுக்கிறது, கழிவையும் அரைத்து வெளியே தள்ளுகிறது. பொத்தானை அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் நீர் வந்துகொண்டே இருக்கும். நீரை உள்ளே இழுக்கும் ரப்பர் சுழலி வறண்டு ஓடினால் கெட்டுவிடும் என்பதால், கடல் வால்வை (கடல்நீர் படகுக்குள் வரும் துளையைத் திறந்து மூடும் வால்வு) மூடிவிட்டு ஓட்டவும் கூடாது. விலை கூடிய வகைகளில் நீருக்குத் தனிப் பம்ப் உண்டு. கோப்பையை நிரப்புவதும் காலி செய்வதும் தனித்தனிப் பொத்தான்கள். சுவீடனில் கழிவு முழுவதும் படகிலுள்ள கழிவுத் தொட்டிக்குப் போய் அதை நிறைப்பதால், இந்த இரண்டாம் வகைக்கு நான் கூடுதல் பணம் கொடுப்பேன்.

கேள்வி (ஸ்டாக்ஹோம்): தொட்டி கட்டாயமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

பதில்: 2015 ஏப்ரல் 1 முதல் சுவீடனின் கடல் எல்லைக்குள்ளும் ஏரிகளிலும் உல்லாசப் படகுகள் கழிவறைக் கழிவை நீரில் விடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. படகுத்துறைகளும் கழிவைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவை. இந்தச் சட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். பால்டிக் மூடுண்ட கடல், அதில் விட்டது எளிதில் அகலுவதில்லை. ஒரு தடவைக்கு 2 லிட்டர், நாளுக்குப் பத்து தடவை என்றால் 40 லிட்டர் தொட்டி இரண்டே நாளில் நிறைந்துவிடும். கைப்பம்பில் அரை லிட்டரோடு முடித்துக்கொண்டவர்கள் மின்சாரத்துக்கு மாறியதும் அதிர்ச்சி அடைவது இங்கேதான்.

கேள்வி (உப்சாலா): நாங்கள் காகிதம் பயன்படுத்துவதில்லை, தண்ணீர்தான். அது பிரச்சினையா?

பதில்: இயந்திரத்துக்கு அது நல்லதுதான், காகிதமும் ஈரத்துடைப்பான்களும்தான் கத்தியில் சுற்றிக்கொள்கின்றன. தொட்டிக்கு மட்டும் கொஞ்சம் பாரம். கைத்தெளிப்பான் பொருத்தாமல் ஒரு சிறிய சொம்பு வைத்துக்கொண்டால் அரை லிட்டரில் முடியும்.

கேள்வி (ஸ்டாக்ஹோம்): கழிவறை வழியாகப் படகு மூழ்கும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. சிறிய படகில் கோப்பையின் விளிம்பு வெளி நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது இன்னும் கீழே போகும். உள்ளே வரும் குழாயில் நீர் நிறைந்திருந்து, பம்பின் வால்வில் சிறு கசிவு இருந்தால், சைஃபன் விளைவால் (நீர் நிறைந்த குழாய், பம்ப் ஓடாமலேயே நீரைத் தாழ்ந்த இடத்துக்கு இழுத்துச் செல்வது) கடல் தானாகவே கோப்பைக்குள் ஏறி வழியத் தொடங்கும். 19 மி.மீ. துளை அரை மீட்டர் ஆழத்தில் தடையின்றித் திறந்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். நீங்கள் கரையில் உணவருந்தித் திரும்புவதற்குள் தரைப்பலகைகள் மிதக்கும்.

இதைத் தடுப்பது, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று நுழையும் வால்வு வைத்த குழாய் வளைவு. படகு எவ்வளவு சாய்ந்தாலும் அந்த உச்சி நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே இருக்க வேண்டும். பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு: வளைவைக் கடல் வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் வைத்துவிடுகிறார்கள். அங்கே வைத்தால் பம்ப் நீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், நீர் வராது, பொறுமையிழந்து காற்று வால்வை அடைத்துவிடுவார்கள், அதோடு பாதுகாப்பும் போய்விடும். வளைவு பம்புக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்க வேண்டும். பம்போடு ஒட்டி வரும் குட்டைக் குழாயை எடுத்துவிட்டு, நீளமான குழாயைப் போட்டுச் சுவரோரம் மேலே ஏற்றி இறக்குங்கள். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு துருப்பிடிக்காத கிளாம்புகள் போடுங்கள். படகை விட்டு இறங்கும்போது கடல் வால்வை மூடுங்கள். அப்பா, பிள்ளைகள், விருந்தினர் எல்லோருக்கும் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டி வைப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி (நுர்ஷப்பிங்): எல்லாம் புதிது, ஆனாலும் நாற்றம் போகவில்லை.

பதில்: சூடான ஈரத்துணியால் கழிவுக்குழாயைத் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். நாற்றம் துணியில் இருந்தால் அது குழாயின் சுவரையே ஊடுருவி வருகிறது. கழிவுக்கென்று செய்த தடித்த 38 மி.மீ. குழாயாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. துணியில் இல்லையென்றால் தொட்டியின் காற்றுக்குழாயைப் பாருங்கள். அது அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் தொட்டிக்குள் காற்று போய் நாற்றம் குறையும். அது அடைத்திருக்கும்போது துறையில் உறிஞ்சி எடுத்தால் தொட்டியே உள்நோக்கி நசுங்கவும் கூடும்.

கேள்வி (வெஸ்தெரோஸ்): குடிநீர்த் தொட்டியிலிருந்து நீர் எடுக்கலாமா?

பதில்: கடல்நீருக்காகச் செய்த கழிவறையைக் குடிநீரோடு இணைக்கவே கூடாது, கழிவு பின்னோக்கி வந்து குடிநீரில் கலக்கும் ஆபத்து இருக்கிறது. அதற்கென்று தடுப்பு வைத்துச் செய்த வகைகள் தனியே உள்ளன. நீங்கள் மேலாரன் ஏரியில்தானே இருக்கிறீர்கள்? வெளியே இருப்பதே நன்னீர்.

கேள்வி (கோத்தன்பர்க்): குளிர்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும்? வழியில் மோட்டார் கெட்டால்?

பதில்: துறைகளின் உறிஞ்சு நிலையங்கள் இலையுதிர்காலத்தில் மூடும் முன் தொட்டியைக் காலி செய்து அலசுங்கள். படகைக் கரையேற்றியபின், நஞ்சில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பு நீர்மத்தை வாளியிலிருந்து பம்ப் வழியாக ஓட்டி, கோப்பையில் அதன் நிறம் தெரியும்வரை விடுங்கள். கார்களுக்கான எத்திலீன் கிளைக்கால் வேண்டாம், அது நஞ்சு. மோட்டாரைப் பொறுத்தவரை, மாற்றுத் தொகுப்பு போட்டிருந்தால் பழைய கைப்பம்பைத் தூக்கி எறியாதீர்கள். அதே திருகுத் துளைகளில் அது மீண்டும் உட்காரும். நான் என்னுடையதைச் சுத்தம் செய்து, புதிய ரப்பர் வளையங்களோடு முன்படுக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.