கொழுந்து வெள்ளையாகும் பில்டர்: சில கேள்விகள், பதில்கள்

நுவரெலியாவுக்குப் பக்கத்தில், லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படமொன்றைப் போன வாரம் காட்டியிருந்தேன். தேயிலை எல்லாம் வெள்ளை, வானம் கரிச்சட்டி நிறம். அன்றிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை.

தலவாக்கலைத் தம்பி: அண்ணே, அது உறைபனி விழுந்த காலையா, இல்லை கம்ப்யூட்டர் வேலையா?

இரண்டும் இல்லை தம்பி. பள்ளிக்கூடத்தில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அந்த இன்ப்ராரெட்தான். லென்ஸுக்கு முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடியான 720 நனோமீற்றர் பில்டர், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுக்க மறித்துவிட்டு அதற்கு அப்பால் உள்ளதை விடுகிறது. இலையின் பச்சையம் இந்தக் கதிரை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் கலங்களும் காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் இலை வெள்ளை. நீல வானத்தில் இந்தக் கதிர் அவ்வளவாகச் சிதறாது, அதனால் வானம் கறுப்பு. 1910இல் றொபட் வூட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப் படங்களை வெளியிட்டார். இலை வெள்ளையாவதற்கு ‘வூட் விளைவு’ என்று பெயர் வந்தது அதனால்தான். அந்த வூட் ஏதோ மரம் என்று நினைத்து நானும் கொஞ்ச நாள் திரிந்தேன்.

பண்டாரவளைத் தங்கச்சி: என்னுடைய கமராவில் இது சரிவருமா?

காசு செலவழிக்க முதல் டிவி ரிமோட்டை எடுங்கள். கமராவை லைவ் வியூவில் (பின்திரையில் காட்சி தெரியும்படி) வைத்து, ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அமத்துங்கள். திரையில் ஊதாவோ வெள்ளையோ ஒரு புள்ளி மின்னினால் சரிவரும். படத்தைப் பதியும் சென்சருக்கு முன்னால் இன்ப்ராரெட்டைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைக் கம்பனிக்காரர்களே வைத்துத்தான் அனுப்புகிறார்கள். புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அந்தக் கண்ணாடி கெட்டியானது, படமெடுக்க அதிக நேரம் பிடிக்கும்.

ஹட்டன் அண்ணன்: பில்டரைப் போட்டால் ஒன்றுமே தெரியவில்லையே!

தெரியாது அண்ணே. என் முதல் நாளும் அதே கதைதான். பில்டரை முறுக்கிப் போட்டுவிட்டு வியூபைண்டரில் கண்ணை வைத்தால் அமாவாசை. குத்துமதிப்பாக எடுத்த பன்னிரண்டு படமும் சிவப்புக் கஞ்சி. பக்கத்தில் ஒரு பெரியவர், “மூடியைக் கழட்டலையே தம்பி” என்றார். பில்டர் அவ்வளவு கறுப்பு.

முதலில் ட்ரைபொட்டில் வைத்து, பில்டர் இல்லாமல் பிரேம் பாருங்கள், போகஸ் செய்யுங்கள். பிறகு போகஸை மெனுவலுக்கு மாற்றிவிட்டு, லென்ஸ் அசையாமல் பில்டரைப் போடுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எப் 8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 10 செக்கனில் தொடங்கிப் பார்க்கலாம். சில கமராக்களுக்கு அரை நிமிஷமும் போதாது. இன்ப்ராரெட்டுக்குப் போகஸ் சற்று விலகும், படம் மங்கினால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பழைய லென்ஸ்களில் இதற்கென்றே ஒரு சிவப்புக் குறி இருக்கும். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூபைண்டரை ஒரு துணியால் மூடுங்கள், பின்பக்கத்தால் வெளிச்சம் கசியும். காற்று வீசினால் யூக்கலிப்டஸ் இலையெல்லாம் பஞ்சாகிவிடும், அதற்கு மருந்தில்லை.

இன்னொன்று, அந்தப் பில்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு இருட்டாக இருந்தாலும் இன்ப்ராரெட் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

அப்புத்தளைத் தம்பி: மூடுபனியை ஊடுருவும் என்கிறார்களே?

தூரத்து மலையின் மெல்லிய நீலப் புகாரைக் குறைக்கும். நம்ம மூடுபனி நீர்த்துளி, அதன் முன்னால் இதுவும் குருடுதான்.

நுவரெலியா நண்பர்: எப்போது, எங்கே போகலாம்?

மற்றவர்கள் கமராவைப் பைக்குள் வைக்கும் நேரத்தில். உச்சி வெயில்தான் நமக்கு நல்ல நேரம். நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, மத்தியானம் மேகம் மூடுவதற்கு முன். ஜூலை, ஓகஸ்டில் ஹட்டன் மழையில் ஊறும்போது ஊவாப் பக்கம் வெயிலாக இருக்கும், அப்போது அப்புத்தளை, பண்டாரவளைக்கு பஸ் ஏறுங்கள். நுவரெலியாவில் கிரகரி வாவி தண்ணீர் கறுத்து, கரையில் மரங்கள் வெள்ளையாக நிற்பதை ஒருமுறையாவது எடுக்க வேண்டும்.

வெலிமடைத் தங்கச்சி: படம் முழுக்கச் சிவப்பு. எப்படி வெள்ளையாக்குவது?

ரோவில் (RAW, கமரா பதப்படுத்தாத கோப்பு) எடுங்கள். வெயில் பட்ட புல்லைக் காட்டி வைட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்வது) வையுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் படத்தின் சிவப்பு, நீலச் சனல்களை இடம் மாற்றினால் வானம் நீலமாகும். எனக்குக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும். நடுவில் வட்டமாக வெளிறினால் அது லென்ஸின் குறை, அப்பர்ச்சரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

மஸ்கெலியாத் தம்பி: கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் பிடிக்கலாமா அண்ணே?

கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் 10 செக்கன் அசையாமல் நிற்க அவர்களுக்கு எங்கே நேரம்? சென்சர் முன்னால் உள்ள கண்ணாடியை மாற்றிய கமரா என்றால் கையில் பிடித்தே எடுக்கலாம். நண்பரின் அப்படியொரு கமராவில் ஒரு அக்காவை எடுத்தேன். துணிச் சாயங்கள் பல இன்ப்ராரெட்டை உறிஞ்சாததால் அவருடைய கறுப்புச் சேட்டு படத்தில் வெளிர்சாம்பல். பார்த்துவிட்டு, “இது என் சேட்டே இல்ல” என்று சாதித்தார்.

பதுளை நண்பர்: எந்த அளவு பில்டர் வாங்க?

உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் விட்டத்துக்கு ஒன்று. சின்ன லென்ஸுகளில் அந்தப் பெரிய பில்டரைப் பொருத்த ஸ்டெப்-அப் வளையம் போதும்.