பிரிட்டனுக்கு ஐரோப்பாவோட சேர்ந்து இருந்தா லாபம்னு ஏன் சொல்றாங்க? ஆளுங்க வந்து போறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

லாபம்னு சொல்றது ஐரோப்பாவோட சிங்கிள் மார்க்கெட்டை வச்சுத்தான். சிங்கிள் மார்க்கெட்னா பல நாடு சேர்ந்து ஒரே சந்தையா நடக்கறது, அவ்ளோதான். சரக்கு, சேவை, பணம், ஆளு நாலும் தடையில்லாம போய் வரலாம். 1993ல இது நடைமுறைக்கு வந்துச்சு, இதுக்கு ரொம்ப மெனக்கெட்டவங்கள்ல ஒருத்தர் அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர், இப்ப அவங்க கட்சிக்காரங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.

காரணம் சிம்பிள். பக்கத்து வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு, அதை அடைச்சுட்டு ஒரு கிண்ணம் மாவு வாங்க தெருவையே சுத்திப் போனா எப்படி? பிரிட்டன் இந்த சந்தையை விட்டு வெளியே வந்த 2021லேர்ந்து அதான் நடக்குது. வரி பெருசா இல்ல, ஆனா பேப்பர் வேலை. ஐரோப்பாவுக்கு சீஸோ இறைச்சியோ அனுப்பணும்னா கால்நடை டாக்டர் கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் வேணும். பெரிய கம்பெனி தாங்கிக்கும், சின்ன சீஸ்காரர் ஒரு பெட்டிக்கு இவ்ளோ செலவான்னு ஆர்டரையே விட்டுடுவார். உள்ளேயே இருந்திருந்தா இருக்கறதைவிட, நீண்ட காலத்துல உற்பத்தித்திறன் சுமார் 4% குறையும்னு அரசோட பட்ஜெட் கண்காணிப்பு அமைப்பே கணக்கு போட்டிருக்கு.

ஆளுங்க விஷயமும் இப்படித்தான். ஐரோப்பாவுலேர்ந்து வேலைக்கு வர்றவங்களைப் படிக்க வச்ச செலவு வேற நாட்டோடது, வேலை செஞ்சு வரி கட்டறது பிரிட்டன்ல. 2021ல லாரி டிரைவர் தட்டுப்பாடு வந்து பெட்ரோல் பங்க்ல கியூ நின்னப்ப அரசே வெளிநாட்டு டிரைவர்களுக்கு தற்காலிக விசா குடுத்துச்சு.

வெளியே வந்துட்டா குடியேற்றம் குறையும்னு நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா 2023 ஜூன் வரைக்குமான ஒரு வருஷத்துல நிகரக் குடியேற்றம் (வந்தவங்கள்லேர்ந்து வெளியே போனவங்களைக் கழிச்சது) சுமார் 9 லட்சம், வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து.