ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா உளறுகிறார்: ஹோமில் சேர்த்துவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பள்ளிக்கூடம் போனதில்லை. தோட்டம், மாடு, மகளிர் குழுக் கணக்கு எல்லாம் அவர்தான் பார்த்துவந்தார். போன வாரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து ஆளே மாறிவிட்டார். இறந்துபோன அப்பா வாசலில் நிற்கிறார் என்கிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார், என்னையே ‘நீ யாரு’ என்று கேட்கிறார். காலையில் ஓரளவு தெளிவாகிவிடுகிறார். நர்ஸ் வந்து இன்று என்ன தேதி, பிரதமர் யார், நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டார். அம்மா எதற்கும் பதில் சொல்லவில்லை. மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவர், ‘இது மனநோய், இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள், தெரிந்த ஹோம் இருக்கிறது, அவர்களே வண்டியோடு வந்து கூட்டிப்போவார்கள்’ என்று கார்டு கொடுத்தார். அண்ணனும் சரி என்கிறார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? என்ன செய்யட்டும்? (வாசகி, தேனி மாவட்டம்)

பதில் (ஓய்வுபெற்ற மனநல செவிலியர் பயிற்றுநர்):

ஹோமுக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. திடீரென்று வந்திருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு வந்திருக்கிறது, ராத்திரியில் ஏறிக் காலையில் இறங்குகிறது. இதை மருத்துவமனையில் டெலிரியம் என்பார்கள். உடம்பில் எதுவோ கெட்டிருக்கிறது, அது மூளையைத் தடுமாற வைக்கிறது, அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகும். மனநோய் 71 வயதில் ஒரே ராத்திரியில் புதிதாக முளைப்பதில்லை. மறதிநோயும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. உங்கள் அம்மா போன வாரம்வரை குழுக் கணக்குப் பார்த்தவர் என்பதே இதற்குச் சாட்சி. இதை டாக்டரிடமும் சிஸ்டரிடமும் முதலில் சொல்லுங்கள். ‘இவர் முன்பு எப்படி இருந்தார்’ என்பது கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் இருக்காது. அது வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். பலர் கேட்பதே இல்லை.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது இது. டாக்டரிடம், ‘இந்தக் குழப்பத்துக்கு உடம்பில் என்ன காரணம் என்று தேடினீர்களா?’ என்று கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் பார்த்தார்களா, ஆக்சிஜன் அளவு என்ன, யூரினில் கிருமி இருக்கிறதா, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்பதை நீங்களே சொல்லலாம். சிரிக்காதீர்கள், மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் மட்டுமே ஒரு முதியவரை இப்படி உளற வைக்கும். வலி அடங்காவிட்டாலும் உளறுவார்கள், வலிக்குப் போடும் டிரமடால் மாதிரி மருந்தாலும் உளறுவார்கள். தூக்கத்துக்குத் தரும் ஆல்பிரசோலம், ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசி இரண்டும் வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும். வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோயாளிக்குத் தினமும் மது குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இதே மாதிரி வரும், ஆனால் அதற்கு வைத்தியம் வேறு. நிறைய குடும்பங்கள் மானத்துக்குப் பயந்து இதை மறைக்கின்றன.

இப்போது அந்த நர்ஸ் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

தேதி, நூறில் ஏழு கழிப்பது எல்லாம் 1975-ல் அமெரிக்காவில் உருவான முப்பது மதிப்பெண் சோதனையில் இருப்பவை. பிரிட்டனில் 1972-ல் வந்த பத்துக் கேள்விப் பட்டியலில் அரசரின் பெயரைக் கேட்பார்கள். நாம் அரசரைத் தூக்கிவிட்டுப் பிரதமரை வைத்துக்கொண்டோம், அதோடு நம் ஊருக்கு ஏற்றதாக ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தோட்டக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலத் தேதி எதற்கு? ஆடி எத்தனை, வளர்பிறையா தேய்பிறையா, வெள்ளிக்கிழமை எப்போது, குழுவுக்குப் பணம் கட்டும் நாள் எது என்று கேட்டால் சொல்லியிருப்பார். நூறில் ஏழு கழிக்கச் சொல்வதற்குப் பதில், ‘இருநூறு ரூபாய் கொடுத்து நூற்றிருபதுக்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு’ என்று கேட்கலாம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதும் இப்படித்தான். ராத்திரியில் ஆம்புலன்சில் கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றியவருக்கு யாராவது ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்களா? ‘மதுரையில ஏதோ பெரியாஸ்பத்திரி’ என்று அவர் சொன்னால் அது சரியான பதில்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் எழுத்தறிவில்லாத முதியவர்களைச் சோதிக்கப் போனவர்கள் அமெரிக்கக் கேள்விகள் உதவாது என்று கண்டு, அவற்றை மாற்றி ஹிந்தியில் ஒரு சோதனையை 1995-ல் வெளியிட்டார்கள். அதில் இது காலையா, மத்தியானமா, சாயங்காலமா என்றுதான் கேட்பார்கள். முப்பது வருடம் ஆகிவிட்டது. நம் வார்டுகளில் இன்னும் நூறில் ஏழு.

கேள்வி கேட்கும் முன் காதையும் கண்ணையும் பார்க்க வேண்டும் என்பதும் வகுப்போடு போய்விடுகிறது. ஆபரேஷனுக்கு முன் கழற்றிய கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் உறவினரின் பையில் கிடக்கும். பேஷண்ட் காது கேட்காமல் விழிப்பார். ஷீட்டில் குழப்பம் என்று ஏறிவிடும். முதல் வேலையாக அவற்றை எடுத்து மாட்டிவிடுங்கள்.

அதற்காக, படிக்காதவர் எது சொன்னாலும் சரி என்று விட்டுவிடவும் முடியாது. போன வாரம் ஆடி மாதம் என்று தெரிந்தவர் இன்று தை என்றால், அது குழப்பம்தான். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதைவிட, நேற்றுச் சொன்னவர் இன்று ஏன் சொல்லவில்லை என்பதுதான் பார்க்க வேண்டியது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ‘வாங்கம்மா, சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கேன்’ என்று அழகாகப் பேசுவார். சிஸ்டர் தெளிவாக இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இரண்டு நிமிடம் கூட உட்கார்ந்தால் அவர் தன்னைப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது தெரியவரும். ஆகவே படித்தவர், படிக்காதவர் யாராக இருந்தாலும் வீட்டாரிடம் கேட்காமல் எழுதக் கூடாது.

நல்ல செவிலியர் இதை எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன், நீங்களும் பார்க்கலாம். 1990-ல் ஷாரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவர் குழுவோடு வகுத்த முறை அது. மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கிறதா? இந்த இரண்டும் கட்டாயம். அப்புறம், பேச்சு தொடர்பில்லாமல் ஓடுகிறதா அல்லது விழிப்பு மாறியிருக்கிறதா, அதாவது அதிகப் பரபரப்போ அதிகத் தூக்கமோ இருக்கிறதா என்பதில் ஒன்று இருந்தால் டெலிரியம் என்று எடுத்துக்கொள்வார்கள். கவனத்தைச் சோதிக்கப் படிப்பு வேண்டாம். ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பெல்லாம் சொல்லக்கூடியவர் வெள்ளியிலேயே நின்று சுவரைப் பார்த்தால், கவனம் போயிருக்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை பார்த்து நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் காலையில் தெளிவாக இருக்கும் அம்மாவைத்தான் பார்ப்பார். உங்கள் தாள்தான் அவருக்கு ராத்திரியைக் காட்டும். முடிந்தால் ராத்திரி நடப்பதை போனில் ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள், டாக்டரிடம் காட்ட மட்டும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட அல்ல.

கத்துபவரைவிட அமைதியாகிவிட்டவரைப் பார்த்து அதிகம் பயப்படுங்கள். சாப்பிடாமல், கூப்பிட்டால் மட்டும் கண் திறந்து, மறுபடி மயங்கும் பாட்டியை வார்டில் எல்லாருக்கும் பிடிக்கும், தொந்தரவே இல்லை என்பார்கள். அதுவும் டெலிரியம்தான். முகம் கோணினாலோ, கைகால் ஒரு பக்கம் விழுந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் எச்சரிக்கை அட்டவணை ஒன்று பிரிட்டனில் உண்டு. 2017-ல் திருத்திய அந்த அட்டவணையில் புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 மதிப்பெண். ஆக்சிஜன் 91 சதவீதத்துக்கு இறங்கினாலும் அதே 3தான். அதாவது உடனே வந்து பார்க்க வேண்டிய விஷயம். இங்கே? பி.பி., நாடி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கான்ஷியஸ், ஓரியண்டட்’ (நினைவோடும் தெளிவோடும் இருக்கிறார்) என்று மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கையெழுத்தில் ஏறியிருக்கும். தணிக்கைக்கு வருபவர்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், நோயாளியிடம் பேசிப் பார்க்க மாட்டார்கள். எழுதிய நர்ஸ்களைத் திட்டியும் பயனில்லை. ராத்திரியில் ஒரு முழு வார்டையே ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு மனநிலையைப் பரிசோதி என்றால் அவள் எதை வைத்து எழுதுவாள், அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் முடிந்துகொண்டிருக்கும்போது?

கட்டில் பக்கத்தில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. பழகிய ஆள் ஒருவர் எப்போதும் கூட இருங்கள், மணிக்கொரு தடவை ஆள் மாற வேண்டாம். வந்தவுடன் உங்கள் பெயர், இது எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறோம் என்று சொல்லுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து உட்கார வையுங்கள், ராத்திரியில் டியூப்லைட்டை அணைத்து டிவியை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், டாக்டர் தடுத்திருந்தால் தவிர. யூரின் டியூப் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். அப்பா நிற்கிறார் என்றால் ‘அதெல்லாம் இல்லை’ என்று சண்டை போடாதீர்கள், ‘ஆமாம், வந்திருக்கிறார்’ என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘பயமா இருக்காம்மா, நான் இருக்கேன்’ என்றால் போதும். திருநீறு பூசிவிடுவதில் ஒரு தப்பும் இல்லை. அதோடு சோடியமும் பார்த்துவிட வேண்டும். கையைக் கட்டிலோடு கட்டினால் பரபரப்பு கூடும். கட்டுவதற்கு முன்னால், ‘நான் பிடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

இனி அந்தக் கார்டு. இந்த மாதிரி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வார்டு பாயாக, ஆம்புலன்ஸ் டிரைவராக, கேன்டீன்காரராக இருப்பார்கள். குடும்பம் ராத்திரி தூங்காமல் நொந்துபோயிருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன். ஹோமில் ரத்தப் பரிசோதனை கிடையாது, தையல் பிரிக்க ஆள் கிடையாது, எழுந்து அலையாமல் இருக்கத் தூக்க மருந்து மட்டும் தாராளமாக இருக்கும். இடுப்பில் புது ஆபரேஷனோடு, காரணம் தெரியாத குழப்பத்தோடு ஒருவரை அங்கே அனுப்புவது உயிரோடு விளையாடுவது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதற்குப் பிறகும் மாறாதது நிறைய. ஆனாலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முழுவதும் தடை செய்கிறது, மனநோயாளிகளை வைத்திருக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். வண்டியோடு வந்து நாலு பேர் தூக்கிப்போவது அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள், கார்டு கொடுத்தவர் காணாமல் போய்விடுவார்.

அவர்கள் கொண்டுவரும் படிவத்தில் அம்மாவின் கைநாட்டை வாங்க விடாதீர்கள். ஹோம் படிவம் மட்டுமல்ல, இந்த நேரத்தில் வீட்டுப் பத்திரம், வங்கித் தாள் எதிலும் வேண்டாம். காய்ச்சலில் பிதற்றும் ஒருவர் அந்தப் பிதற்றல் தீரும்வரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்று 1872 ஒப்பந்தச் சட்டமே உதாரணம் கொடுத்து எழுதியிருக்கிறது. அண்ணனிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது அடுத்த புரோக்கர் வருவார், ‘ஹோம் நர்ஸ்’ அனுப்புகிறோம் என்று. ஆள் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நர்ஸ் என்றால் மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பவர். ஆறு மாத சான்றிதழைக் காட்டி நர்ஸ் சம்பளம் கேட்டால் கொடுக்காதீர்கள், அவர் கையால் ஊசியும் போட விடாதீர்கள்.

காரணம் கண்டு சரி செய்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிவு வரும். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் கழித்தும் கணக்கு தடுமாறினால், வழி மறந்தால், அப்போது ஒரு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் மறதிக்காகக் காட்டுங்கள். நடுவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலிமானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஆனால் இன்றைக்கு நீங்கள் போக வேண்டியது ஆபரேஷன் செய்த டாக்டரிடம். அவர், ‘எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிக் கைகழுவினால், பொது மருத்துவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.